ஒரு நாள் முன்னால் வந்த சமையல் வண்டி

அத்தியாயம் 14

சுந்தராம்பாள் சுவர்க் காலண்டரைக் கழற்றிப் பரணில் போட்டதோடு போன வாரம் நிறுத்தினோம். செஞ்சி பஜார் பக்கம் அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவள் அவள். எந்தத் தேதிக்கு எந்த ஊர், எத்தனை இலை என்பதெல்லாம் அந்தக் காலண்டர் தாள்களில்தான் பென்சிலால் எழுதியிருக்கும். இதுவரை ஒரு முகூர்த்தத்தைக்கூட அவள் தவறவிட்டதில்லை. "சுந்தராம்பா வாக்கு குடுத்துட்டா நீ இலையப் போட்டுட்டு உக்காரலாம்" என்று வல்லம் முதல் மேல்மலையனூர் வரை சொல்வார்கள்.

அந்த வாக்கைத்தான் இப்போது மருமகளின் லேப்டாப்பில் ஒப்படைத்திருக்கிறாள்.

மருமகள் அன்புக்கரசி, வீட்டில் அரசி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதுகிறவள். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மாமியாருக்கும் வேலை குறைவு. அந்த ஒரு மாதத்தில் மாமியாருக்கென்று ஒரு காலண்டர் செய்து முடித்தாள்.

செய்தாள் என்று நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பிரௌசரில் கட்டம் கட்டமாகத் தெரிகிற காலண்டர் யாரோ ஏற்கெனவே எழுதி எல்லோருக்கும் கொடுத்தது, அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அழகாக இருக்கும், விரலால் இழுத்தால் ஒரு கல்யாணம் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதிக்கு நகரும். ஆனால் அதற்கு ஞாபகசக்தி கிடையாது. பக்கத்தை மூடினால் எல்லாம் மறந்துவிடும். ஞாபகம் வைத்துக்கொள்வது பின்னால் இருக்கிற சர்வர் என்கிற கம்ப்யூட்டர். அதற்கான புரோகிராமை அவள் ஜாங்கோ என்கிற மென்பொருளை வைத்து எழுதினாள்.

"ஜாங்கோவா? மேட்டுத்தெரு வெட்னரி டாக்டரு நாய்க்கு அந்தப் பேருதானே?" என்று சுந்தராம்பாள் கேட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

முன்னால் இருக்கிற காலண்டரையும் பின்னால் இருக்கிற சர்வரையும் பேச வைப்பதற்குள் அரசிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்யாணத்தை இழுத்து விட்டால் சர்வர் வாங்க மாட்டேன் என்றது. "அன்னதானத்துல டோக்கன் இல்லாம வர்றவங்கள நீங்க வரிசையில விட மாட்டீங்களே அத்தை, அது மாதிரிதான். பக்கம் ஒரு டோக்கன் எடுத்துட்டுப் போனாத்தான் சர்வர் உள்ள விடும்" என்றாள் அரசி. சுந்தராம்பாள் தலையாட்டினாள். "அப்ப விவரமான சர்வருதான்" என்றாள். அடுத்து, இரண்டு நாள் விசேஷம் போட்டால் ஒரு நாளோடு நின்றது. முடிவுத் தேதியை அந்தக் காலண்டர் கணக்கில் சேர்ப்பதில்லை என்று கண்டுபிடிக்க அரசிக்கு ஒரு பகல் போயிற்று.

கடைசியாக மாமியார் ஒன்று கேட்டாள். "மணியெல்லாம் வேணாம்மா. பேரு, ஊரு, எத்தினி இலை. எழுத்து பெருசா இருக்கணும். கண்ணாடி இல்லாம நான் படிக்கணும்."

அதற்காக நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் அனுப்பும்படி சர்வரில் ஒரு வரி எழுதினாள். அந்த ஒரு வரிதான் இந்த வாரம் நமக்கு வேலை வைக்கப் போகிறது.

புதன்கிழமை.

ஆவணியின் முதல் கல்யாணம். வல்லத்தில் துரைக்கண்ணு மகளுக்கு. காலண்டரில் வியாழக்கிழமைக் கட்டத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: 'துரைக்கண்ணு, வல்லம், 600.' அடுத்த கட்டத்தில், வெள்ளிக்கிழமை, 'வீராசாமி, தொண்டூர், 450.' இரண்டுமே முகூர்த்த நாள்தான். அதனால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

"வல்லத்துல மதியப் பந்தி முடிச்சுட்டு நேரா தொண்டூரு. சரியா வந்துரும்" என்று சுந்தராம்பாள் போன மாதமே கணக்குப் போட்டுத்தான் வீராசாமிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியமே போய் அடுப்பைப் பார்த்துவிடுவது அவள் வழக்கம். ஒரு மணிக்கெல்லாம் மினி வேனில் அண்டாக்கள் ஏறின. ஜல்லிக்கரண்டி, துடுப்பு, தேங்காய் துருவுகிற மெஷின் எல்லாம் ஏறின. பின்னால் ஷேர் ஆட்டோக்களில் ஆட்கள் பதினான்கு பேர். மகன் வெற்றிவேல்தான் வேன் ஓட்டுகிறவன். இந்த முறை அரசியும் வருகிறேன் என்றாள். தன் காலண்டர் சொல்லிப் போகிற முதல் கல்யாணமாயிற்றே.

"நீ இன்னாத்துக்கு? வெங்காயம் உரிக்கவா?" என்று கேட்டான் வெற்றிவேல்.

"என் காலண்டர் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க."

"வேலை செய்யலேன்னா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

வண்டி கிளம்பியது. கோட்டை மலைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. சுந்தராம்பாள் முன் சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். மடியில் மொபைல். அதில் காலண்டரை ஒரு தரம் திறந்து பார்த்து மூடினாள். புதுச் சேலை வாங்கியவள் மடிப்பைத் தடவிப் பார்க்கிற மாதிரி இருந்தது அது. அரசி அதைப் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வல்லத்தில் மண்டபத்தின் கேட் பூட்டியிருந்தது.

வாழைமரம் இல்லை. சீரியல் லைட் இல்லை. காய்கறி மூட்டை இறங்கியதற்கான சுவடே இல்லை. வெற்றிவேல் ஹாரன் அடித்தான். பின்னால் வந்த ஆட்டோக்களும் நின்றன. பதினான்கு பேரும் இறங்கி, ஆளுக்கொரு நிழல் பார்த்து நின்றார்கள்.

யாரோ போய்ச் சொல்லித் துரைக்கண்ணு டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்தார். சுந்தராம்பாளைப் பார்த்தார். அண்டாக்களைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாம்மா இன்னிக்கே வந்துட்டீங்க?"

"முகூர்த்தத்துக்கு முந்தின நாளு வர்றதுதானே நம்ம பழக்கம்?"

"கல்யாணம் வெள்ளிக்கிழமைம்மா! வெள்ளிக்கிழமை விடியக்காலம் நாலரை ஆறு. பத்திரிகை வெச்சுட்டு வந்தேனே!"

பத்திரிகை வந்தது உண்மை. முன்பெல்லாம் பத்திரிகை வந்தால் சுந்தராம்பாள் அதைப் பிரித்து, படித்து, காலண்டர் தாளோடு சேர்த்து ஆணியில் குத்துவாள். இந்த முறை பிரிக்கவே இல்லை. மஞ்சள் தடவிய கவரோடு அப்படியே முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். காலண்டரில்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

சுந்தராம்பாள் சிரித்துச் சமாளித்தாள். "வெள்ளிக்கிழமைதான். அடுப்பு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"பதினாலு பேரோடயா?"

"எங்க வேலை அப்படித்தான்."

துரைக்கண்ணு பாதி நம்பினார். சமையல்காரர்களுக்கே டீ வாங்கிக் கொடுக்கிற நிலைமை அவருக்கு வந்தது. டீக்கடைக்குப் போகிறவர் நின்று திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வந்துருவீங்கதானேம்மா? ஒரே பொண்ணு எனக்கு."

"நான் வாக்கு குடுத்திருக்கிறேன்" என்றாள் சுந்தராம்பாள்.

அவர் அந்தப் பக்கம் போனதும் அவள் மண்டபப் படியில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வல்லம். வெள்ளிக்கிழமையே தொண்டூர். இரண்டு ஊர், இரண்டு வாக்கு. இருப்பது ஒரே ஒரு குழு.

முதலில் வாய் திறந்தது வெற்றிவேல்தான். "நான் அப்பவே சொன்னேன். பழைய காலண்டரு இருபத்திரண்டு வருஷமா தப்பு பண்ணுச்சா? இவ ஒரு மாசத்துல பண்ணிட்டா. வூட்டுக்குப் போனதும் பரண்லேர்ந்து எடுத்து மாட்றேன்."

அரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமியாரை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடப் பெயரை ஒரு மாதத்தில் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

"அத்தை, நான் தப்பா டைப் பண்ணிட்டேன் போல…"

"நீ தப்பா போடல. நான் சொல்லச் சொல்லத்தானே போட்டே? போட்டதும் திருப்பிப் படிச்சுக் காட்டினியே. வெள்ளின்னுதான் படிச்சே." சுந்தராம்பாள் மகனைப் பார்த்தாள். "நீ கொஞ்சம் வாய மூடு. அண்டா ஒழுகுதுன்னா ஈயம் வெச்சு அடைச்சுட்டு அடுப்புல ஏத்துவேன். தூக்கி ஏரியில வீச மாட்டேன். லேப்டாப்பு எங்க?"

வேனின் முன் சீட்டில் லேப்டாப் திறந்தது. வெற்றிவேலின் மொபைலிலிருந்து இன்டர்நெட். அவன் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கேதான் எனக்கு இந்த மாமியாரை ரொம்பப் பிடித்துப்போனது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று போன வருடம் வரை தெரியாதவள். அவள் திரையைத் தொட்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை மணி முகூர்த்தம் என்பது அவள் வாயிலேயே இருந்தது. தேதியை மறந்தாலும் மறப்பாள், அடுப்பு பற்றவைக்கிற நேரத்தை மறக்க மாட்டாள்.

"தாயனூரு. ஒம்பது பத்தரை முகூர்த்தம். ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமையிலதான் இருக்குது. சரி. நாட்டார்மங்கலம், ஆறு ஏழரை. திங்கள். அதுவும் சரி. இந்தா, அவலூர்பேட்டை. நாலரை ஆறு. இது புதன்கிழமைன்னு சொன்னாங்க, செவ்வாய்க்கிழமையில குந்திக்கினு இருக்குது. செவ்வாய்க்கிழமையில எவனாவது தாலி கட்டுவானா?"

அரசி நிமிர்ந்தாள்.

"இன்னும் பாருங்க அத்தை."

"மண்டகப்பட்டு. அஞ்சு ஆறரை. இதுவும் ஒருநாளு முன்னாடி." சுந்தராம்பாள் விரலை எடுத்தாள். "விடியக்கால முகூர்த்தம் மட்டும்தான் முன்னாடி போயிருக்குது. ஆறு மணிக்கு மேல இருக்கறது எல்லாம் அது அது இடத்துல இருக்குது. இன்னா கணக்கு இது?"

அரசி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். அந்த ஒரு வரியைத் திறந்தாள். பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள்.

"அய்யோ அத்தை!"

"இன்னாம்மா?"

"சர்வர் நேரத்தை நம்ம மணியில வெச்சுக்காது. லண்டன் பக்கம் ஓடற மணியில வெச்சுக்கும். நம்ம மணி அதைவிட அஞ்சரை மணி நேரம் முன்னால. இங்க வெள்ளிக்கிழமை விடியக்காலம் நாலரைன்னா, அங்க இன்னும் வியாழக்கிழமை ராத்திரி பதினொண்ணுதான். நான் முதல்ல நம்ம மணிக்கு மாத்திட்டு, அப்புறம் தேதியை வெட்டி எடுக்கணும். மாத்தாமலே வெட்டிட்டேன்."

"அப்ப அஞ்சரைக்கு முன்னாடி ஆரம்பிக்கிற முகூர்த்தம் எல்லாம்…"

"முந்தின நாளுக்குப் போயிரும்."

"ஆடியில இதை வெச்சு நாம நடத்தினது எல்லாம்?"

"கூழ் ஊத்தறது, அன்னதானம். எல்லாமே பத்து மணி, பதினோரு மணி." அரசியின் குரல் இறங்கிவிட்டது. "கல்யாணம் ஒண்ணுகூட இதை வெச்சு நடத்திப் பாக்கல. ஆடியில ஏது கல்யாணம்?"

ஊரிலே பாதிக் கல்யாணம் விடியற்காலையில்தான் நடக்கிறது. அதைச் சோதிக்க வேண்டிய மாதத்தில் ஊரே கல்யாணத்தை ஒத்திப்போட்டுவிட்டுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தது. இதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

அரசி அந்த வரியைத் திருத்தினாள். ஒரே வார்த்தை சேர்ந்தது. சென்னைப் பக்கம் எங்கோ இருக்கிற சர்வருக்கு அது போய்ச் சேர மூன்று நிமிடம் ஆயிற்று. பக்கத்தைப் புதுப்பித்தாள்.

அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டுமே! ஆவணியிலும் ஐப்பசியிலும் இருந்த பதினொரு கல்யாணங்கள் ஒரே நேரத்தில் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்தன. அவலூர்பேட்டை புதன்கிழமைக்குப் போயிற்று. வல்லம் வெள்ளிக்கிழமைக்கு வந்து, தொண்டூர் தலைக்கு மேல் ஏறி நின்றது. வெற்றிவேல்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "அட!" என்றான்.

"பதினோரு வூட்டு இலை காலியாப் போயிருக்கும்" என்றாள் சுந்தராம்பாள் மெதுவாக. "நல்லவேளை, ஒருநாளு முன்னாடி வந்தோம். பின்னாடி வந்திருந்தா?"

பதினொன்றில் பத்து தப்பித்தது. மிச்சம் இருப்பது இந்த வெள்ளிக்கிழமை.

"வீராசாமிக்கு போன் போட்டு நான் பேசறேன் அத்தை. என் தப்புன்னு சொல்றேன். வேற ஆளு பாத்துக்கட்டும்."

"முகூர்த்தத்துக்கு ஒருநாளுதான் இருக்குது. எந்த ஆளு கெடைப்பான்? வாக்கு குடுத்தது நான்."

சுந்தராம்பாள் மொபைலை மகனிடம் நீட்டினாள். பிறகு, "மங்கைக்குப் போடு" என்றாள்.

வெற்றிவேல் திரும்பினான். "சித்திக்கா?"

மங்கை சுந்தராம்பாளின் கூடப் பிறந்த தங்கை. பத்து வருடம் ஒரே அடுப்பில் நின்றவர்கள். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரே முகூர்த்தத்துக்கு இருவரும் ஆளுக்கொரு ஊரில் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தி காலண்டரில் எழுதியது இன்னொருத்திக்குத் தெரியாது. யார் தப்பு என்று ஆரம்பித்த சண்டையில் மங்கை பாதி ஆட்களோடு திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம் தனியாகப் போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. மங்கை புருஷன் இல்லாதவள், பிள்ளையும் இல்லை. தீபாவளிக்குக்கூட அக்கா போய் எட்டிப் பார்க்கவில்லை. தங்கையும் வரவில்லை.

"என் தப்புக்கு நீங்க எதுக்கு இறங்கிப் போகணும் அத்தை?" என்றாள் அரசி. இப்போது அழுதேவிட்டாள்.

"இன்னிக்கு ஒண்ணு புரிஞ்சுது எனக்கு. உன் காலண்டருல ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுதே, கண்ணுக்குத் தெரிஞ்சுதே. அன்னிக்கு அது மாதிரி தெரிஞ்சிருந்தா நாங்க சண்டையே போட்டிருக்க மாட்டோம். ஆறு வருஷம் வீணாப் போச்சு. போடு."

போன் மணி அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது. மங்கைதான் எடுத்தாள்.

"மங்கை…" சுந்தராம்பாள் ஒரு தரம் இருமிக்கொண்டாள். "நான்தான். வெள்ளிக்கிழமை உனக்கு வேலை இருக்குதா?"

அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஏன்?"

"எனக்கு ரெண்டு வூடு மாட்டிக்கிச்சு. வல்லம் ஒண்ணு, தொண்டூரு ஒண்ணு. தப்பு என் பக்கம். தொண்டூர நீ பாக்கணும். நானூத்தி அம்பது இலை."

இந்தப் பொம்பளை தன் ஜென்மத்தில் "தப்பு என் பக்கம்" என்று சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லை. மருமகளின் பெயரை அவள் எடுக்கவே இல்லை என்பதை அரசி கவனித்தாள். வெற்றிவேலும் கவனித்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மருமக ஏதோ கம்ப்யூட்டருல காலண்டரு போட்டிருக்காளாமே?" என்று கேட்டாள் மங்கை.

"உனக்கு யாரு சொன்னது?"

"ஊருல காது இல்லையா? அதை எனக்கும் அனுப்பச் சொல்லு. பாத்துட்டுச் சொல்றேன்." லைன் கட்டாயிற்று.

சுந்தராம்பாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "அவ பேரையும் அதுல சேர்க்க முடியுமா? அவளுக்கு வேற கலரு?"

அரசி கண்ணைத் துடைத்தாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பொறுப்பு யார் என்று குறிக்க ஒரு இடம் அவள் முன்பே வைத்திருந்தாள். இதுவரை அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. இரண்டாவது பெயரைச் சேர்த்தாள். சுந்தராம்பாளுக்குச் சிவப்பு, மங்கைக்கு நீலம்; ஒரு கல்யாணத்தை யார் எடுத்துக்கொள்கிறாரோ அது அவர் நிறத்துக்கு மாறும். லிங்க்கும் பாஸ்வேர்டும் போயின.

டீ வந்தது. குடித்தார்கள். ஆட்கள் ஆட்டோவில் ஊர் திரும்பினார்கள். நாலரை மணி ஆயிற்று. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை காலண்டர் தானாகவே சர்வரைக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். மூவரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டூர் சிவப்பாகவே இருந்தது.

"வர மாட்டா" என்றாள் சுந்தராம்பாள்.

"சித்தி பட்டனைத் தேடிட்டு இருப்பாங்க" என்றான் வெற்றிவேல். அன்று அவன் பேசிய முதல் நல்ல வார்த்தை அதுதான்.

தொண்டூர் நீலமானது.

சுந்தராம்பாள் திரையைத் தொட்டாள். பிறகு அரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. "பேசாமலே வாக்கு குடுத்துட்டா பாரு" என்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"அத்தை, இன்னொண்ணு வருது பாருங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில், தாயனூர்க் கல்யாணத்துக்குக் கீழே, புதிதாக ஒரு நீலப் பட்டை வந்திருந்தது. பெயர், ஊர், இலை. அரசி சொல்லிக்கொடுக்காமலே அந்த வரிசையில் சரியாக எழுதியிருந்தாள் மங்கை.

'ராத்திரி சாப்பாடு, அக்கா வூடு, 2.'

சுந்தராம்பாள் சிரித்துக்கொண்டே படித்தாள். மறுபடி படித்தாள். சிரிப்பு நின்றது.

"வர்றவங்க கணக்குத்தானே இலை? இவ தனி ஆளாச்சே" என்றாள். "ரெண்டாவது இலை யாருக்கு?"